ழ இருக்கும் இடம்

நிரல் எழுதும் எடிட்டரில் மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலையும் ஸ்லாஷையும் சேர்த்து அழுத்தினால் அந்த மூன்றும் கமென்ட் ஆகிவிட வேண்டும், அதாவது கணினி இயக்காமல் தாண்டிப் போகிற குறிப்பாக. இத்தனை வருடத்தில் எடிட்டர்கள் மாறின, எழுதும் நிரல்மொழிகள் மாறின. இந்த ஒன்று மட்டும் என் கையை விட்டுப் போனதே இல்லை. போன வருடம் ஒரு செயலியின் தமிழ்ப் பதிப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான்களில் வரும் சொற்கள், பிழைச் செய்திகள், அறிவிப்புகள் என்று ஏறத்தாழ எழுநூறு சரங்கள். ஒரு கையில் நிரல், ஒரு கையில் தமிழ் என்கிற மாதிரி வேலை. ஒரு வரியில் தமிழில் தட்ட வேண்டும், அடுத்த வரியைக் கமென்ட் செய்துவிட்டுப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் மறுபடியும் தமிழ். அன்று மாலை மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் பலமாக அழுத்தினேன். விசை வேலை செய்யாவிட்டால் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்! அப்போதும் ஒன்றுமில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்தினேன். உடனே வேலை செய்தது.

அதோடு விட்டுவிட்டேன். அதுதான் பின்னாளில் என்னை உறுத்தியது. காரணம் தேடாமல், ஆங்கிலத்துக்கு மாறி, கமென்ட் செய்து, தமிழுக்குத் திரும்பி வருவதையே ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது போய்த் திரும்பியிருப்பேன். ஊருக்குள் ஒரு பாலம் உடைந்து கிடந்தால் சுற்றிப் போகப் பழகிக்கொள்கிறோமே, அப்படி. பக்கத்து இருக்கையில் இருந்த தம்பிதான் ஒரு நாள் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, கீபோர்டு போயிருச்சுங்களா? எதுக்கு ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி வர்றீங்க?" கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, தமிழில் இருக்கும்போது அந்த ஷார்ட்கட் வேலை செய்யாது என்றேன். "ஏன் செய்யாதுங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. நிரலில் ஒரு வரி இப்படி நடந்துகொண்டால் காரணம் தெரியாமல் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன். என் கைக்குக் கீழே இருந்த ஒரு விசையைப் பற்றி இரண்டு மாதம் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

துணி போட்டு மூடிய கை

நான் தட்டக் கற்றது தட்டச்சுப் பயிலகத்தில். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தோம். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே என்று முதல் வாரம் முழுக்க ஒரே வரி. விசைகளைப் பார்த்துத் தட்டுகிறவர்களின் கைமேல் ஆசிரியை ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். எழுத்தைத் தேடாதே, இடத்துக்குப் போ என்பதுதான் அவர் அடிக்கடி சொன்ன பாடம். எழுத்து தாளில் இருக்கிறது, விரலுக்கு வேண்டியது இடம். எது எந்த விரலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் கண் அங்கே வர வேண்டியதில்லை.

தமிழ்99-ஐப் பின்னால் நானே கற்றுக்கொண்டபோது அந்தப் பாடம் உதவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் வலது கை விரல்கள் இயல்பாக உட்காரும் இடத்திலேயே க, ப, ம, த, ந, ய வரிசையாக வந்துவிடும். அதிகம் வராத எழுத்துகள் ஓரங்களுக்குப் போகும். கீழ் வரிசையில் வலது கோடியில் சுண்டுவிரல் எட்டித் தொடுகிற இடத்தில் ழ. நான் இதை ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். ஆங்கிலத்துக்கு ஒரு வரைபடம், தமிழுக்கு ஒரு வரைபடம் என்று கையில் இரண்டு படிந்துவிட்டன. ஷார்ட்கட்டுகள் எந்த வரைபடத்தைச் சேர்ந்தவை என்ற கேள்வி எனக்கு அப்போது எழவே இல்லை.

நடுவழியில் நிற்பவர்கள்

தம்பி கேட்ட கேள்விக்கு முதலில் நான் நினைத்த பதில் தப்பு. தமிழ் உள்ளீட்டு மென்பொருள் நடுவில் புகுந்து அந்த அழுத்தலைச் சாப்பிட்டுவிடுகிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

பழைய மடிக்கணினியில் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. நான் நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் பரிந்துரைப் பட்டியல் விரிய வேண்டும். விரியாது. அதற்குப் பதிலாக அடுத்துத் தட்டுகிற எழுத்து தமிழில் விழும். அந்தக் கணினியில் தமிழுக்காக எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டிருந்தேன். மொழி மாற்ற அது இயல்பிருப்பாக எடுத்துக்கொள்வதும் அதே கண்ட்ரோல் ஸ்பேஸைத்தான். சீன, ஜப்பானிய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இது பல காலமாகத் தெரிந்த மோதல். அவர்களில் பலர் இரண்டில் ஒன்றை மாற்றிவிடுவார்கள். மாக்கிலும் இரண்டாவது மொழி ஒன்றைச் சேர்த்தால் கண்ட்ரோல் ஸ்பேஸ் மொழி மாற்றத்துக்குப் போய்விடும். விஎஸ் கோடின் மாக் பதிப்பில் பரிந்துரைப் பட்டியலுக்கு வேறு ஷார்ட்கட்டுகளும் சேர்த்துத் தரப்பட்டிருப்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

இன்னொன்று லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் பலரும் பார்த்திருக்கக் கூடியது. ஒரு பிழையின் மேல் நின்று கண்ட்ரோலோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் விஎஸ் கோட் சின்னத் திருத்தங்களைக் காட்ட வேண்டும். சில கணினிகளில் அதற்குப் பதில் அடிக்கோடிட்ட ஒரு சின்ன 'ஈ' எழுத்து, ஆங்கில ஈ, திரையில் வந்து நிற்கும். கோப்பில் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளின் எமோஜி வசதி. ஐபஸ் அமைப்புகளில் எமோஜி என்று ஒரு தாவல் இருக்கிறது. அங்கே அந்த விசைச் சேர்க்கையை நீக்கிவிட்டால் போதும், எடிட்டருக்கு அது திரும்பக் கிடைத்துவிடும். இதேபோல இன்டெல்லிஜே என்ற எடிட்டரில் நிரலை ஒழுங்குபடுத்தக் கண்ட்ரோல் ஆல்ட் எல். பழைய உபுண்டுவில் அதே சேர்க்கை திரையைப் பூட்டும். நிரலை அழகுபடுத்தலாம் என்று அழுத்துகிறவர் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இவற்றிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒரு விசையின் பயணம் எவ்வளவு நீளம் என்பதை. விரல் அழுத்தியதும் விசைப்பலகை ஓர் எண்ணை அனுப்புகிறது. அந்த எண்ணில் எழுத்து எதுவும் இல்லை, இந்த வரிசையில் இந்த இடம் என்பது மட்டும்தான். அதை இயங்குதளம் வாங்கிக்கொள்கிறது. பிறகு சாளரங்களை நடத்தும் மேசைத்தளம் பார்க்கிறது, எனக்கு உரியதா என்று. அப்புறம் உள்ளீட்டு முறை. அதற்கப்புறம்தான் விஎஸ் கோடின் அடியில் இருக்கிற குரோமியம் என்ற உலாவி. அங்கிருந்து எடிட்டருக்கு வந்த பிறகும் முடியவில்லை. நாம் நிறுவிய நீட்சிகள் ஆளுக்கு ஒன்றைக் கேட்கும். விஎஸ் கோடில் விதிகள் கீழிருந்து மேலாகப் பார்க்கப்படுகின்றன. விசையும் பொருந்தி, 'வென்' என்று எழுதியிருக்கும் நிபந்தனையும் பொருந்துகிற முதல் விதி எதுவோ அதுவே ஜெயிக்கும். நாம் எழுதுகிறவை பட்டியலின் அடியில் சேர்வதால்தான் அவற்றுக்கு முன்னுரிமை. ஒரு விதி வேண்டாமென்றால் கட்டளையின் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு வரி கமென்ட் ஆகிறது. எந்தப் படியில் வேண்டுமானாலும் அழுத்தல் தொலைந்து போகலாம்.

தொலைந்தது எந்தப் படியில் என்று தெரியாமல் ஷார்ட்கட்டை மாற்றுவதில் பிரயோஜனமில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வேலை செய்யாத ஷார்ட்கட்டுக்குப் பெரும்பாலானவர்கள் கொடுக்கும் ஆலோசனை வேறு சேர்க்கை வைத்துக்கொள் என்பதுதான். நானும் அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி மாற்றிக்கொண்டே போனால் பத்து வருடம் பழகிய கை ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறாக வேலை செய்ய வேண்டிவரும். பழைய சேர்க்கை ஏன் போனது என்பது கடைசி வரை தெரியாது.

பதிவில் ஒரு ழ

விஎஸ் கோடில் ஒரு வசதி இருக்கிறது. கட்டளைப் பெட்டியைத் திறந்து கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் ட்ரபுள்ஷூட்டிங் என்று தேடினால் கிடைக்கும். அதை இயக்கிவிட்டால், எடிட்டருக்கு வந்துசேர்கிற ஒவ்வொரு விசை அழுத்தலும் கீழே அவுட்புட் பகுதியில் வரி வரியாகப் பதிவாகும். என்ன வந்தது, அதை எடிட்டர் எப்படிப் புரிந்துகொண்டது, எந்தக் கட்டளைக்கு அனுப்பியது, அல்லது எதற்கும் பொருந்தவில்லையா, எல்லாம் தெரியும்.

பழைய மடிக்கணினியில் இதை இயக்கிக் கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தியபோது கண்ட்ரோல் மட்டும் பதிவாகியிருந்தது. ஸ்பேஸ் வரவே இல்லை. ஒரு வரியும் இல்லையென்றால் அந்த அழுத்தல் எடிட்டர் வாசலுக்கே வரவில்லை என்று அர்த்தம். அப்போது எடிட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை, மேலே போய்த்தான் தேட வேண்டும். தம்பி கேட்ட அன்றும் அதே மௌனத்தைத்தான் எதிர்பார்த்தேன். எஃப்1 அழுத்திக் கட்டளைப் பெட்டியைத் திறந்து, பதிவை இயக்கி, தமிழுக்கு மாற்றி, கண்ட்ரோலையும் ஸ்லாஷையும் அழுத்தினேன். மௌனம் இல்லை. ஒரு வரி வந்தது. கண்ட்ரோல் அழுத்தப்பட்டிருக்கிறது என்று சொன்னது. அதற்கு அடுத்து இரண்டு சொற்கள். கோட்: ஸ்லாஷ். கீ: ழ.

அந்த ழ-வையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரி வரியாக ஆங்கிலம் ஓடுகிற பதிவின் நடுவே தனியாக ஒரு ழ. எடிட்டர் அந்த அழுத்தலை வாங்கியிருந்தது. எதுவும் தொலையவில்லை. எனக்கு ஸ்லாஷ் என்று தெரிந்த அதே இடம் அதற்கு ழ. நான் அழுத்தியது கண்ட்ரோல் ஸ்லாஷ் அல்ல, கண்ட்ரோல் ழ. அதற்கு யாரும் எந்த வேலையும் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த வரியில் எடிட்டர் அதைத்தான் சொன்னது: பொருந்தும் கட்டளை எதுவும் இல்லை.

இரண்டு மாதமாக நான் 'வேலை செய்யவில்லை' என்று சொல்லிவந்த ஒன்று, அதன் கணக்குப்படி சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

காரணம் நான் தேர்ந்தெடுத்த தமிழில் இருந்தது. லினக்ஸ் அமைப்புகளில் தமிழைச் சேர்க்கப் போனால் தமிழ்99 இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று ஐபஸ் வழியாக எம்17என் என்ற தொகுப்பு தருகிற உள்ளீட்டு முறை. முந்தைய எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு, க-வை இரண்டு முறை அழுத்தினால் முதல் க-வுக்குப் புள்ளி வைத்துக் கொடுக்கும். இன்னொன்று வெறும் தளவமைப்பு. ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான், முன்னால் என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. உள்ளீட்டு முறையில் அடியில் இருக்கும் விசைப்பலகை ஆங்கிலமாகவே இருக்கும், மேலே தமிழ் கட்டப்படும். தளவமைப்பில் அடியிலேயே விசையின் பெயர் மாறிவிடும். சின்னச் சின்னத் திருத்தங்கள்தானே என்று அந்த வேலைக்காக நான் தளவமைப்பைப் போட்டிருந்தேன். ஆக, இயங்குதளத்தின் பார்வையில் என் விசைப்பலகையில் ஸ்லாஷ் விசை என்று ஒன்று அந்த இடத்தில் இல்லவே இல்லை.

எழுத்துக்கா, இடத்துக்கா

அந்தப் பதிவு வரியில் இருந்த இரண்டு சொற்கள்தான் என்னை இதை எழுத வைத்தன. உலாவிகளுக்கான தரத்திலேயே ஒவ்வொரு விசை நிகழ்வுக்கும் இந்த இரண்டும் தனித்தனியாக உண்டு. 'கோட்' என்பது அமெரிக்க ஆங்கில விசைப்பலகையை வைத்துச் சொன்னால் அது எந்த இடம் என்பது. 'கீ' என்பது இந்த நிமிடம் இந்த மொழியில் அது எந்த எழுத்து என்பது. என் ஆசிரியை துணி போட்டுப் பிரித்த இரண்டும் இவைதான். ஒரு ஷார்ட்கட் இவற்றில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

எழுத்தைத்தான் என்று சொல்ல நியாயம் இருக்கிறது. 1970-களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் வெட்டு, நகல், ஒட்டு என்ற முறையை உருவாக்கினார்கள். பிறகு ஆப்பிளுக்குப் போன டெஸ்லர் லிசா கணினியில் வேலை பார்த்தார். நாம் இன்று அழுத்துகிற எக்ஸ், சி, வி அந்த வழியில் வந்தவை. சி காப்பிக்கு. எக்ஸ் அடித்துவிடும் குறி. வி செருகும் குறியின் தலைகீழ் வடிவம். எழுத்தோடு கட்டளைக்கு உறவு இருக்கிறது. ஆனால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும் முக்கியம். இடது கை அங்கேயே இருந்தபடி வலது கை மவுஸைப் பிடிக்கலாம். அப்படியென்றால் ஆரம்பத்திலேயே இவை எழுத்தும்தான், இடமும்தான். ஆங்கில விசைப்பலகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததால் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அங்கே செய்ததைத் திரும்பப் பெறும் கண்ட்ரோல் இசட், எழுத்தைத் தொடர்ந்து மேல் வரிசைக்குப் போய்விடுகிறது, மற்ற மூன்றும் கீழேயே இருக்கின்றன. பிரெஞ்சு விசைப்பலகையிலும் இசட் மேலேதான். நிரலாளர்களுக்கு அன்றாடம் வேண்டிய சதுர அடைப்புக்குறியை ஜெர்மானியர்கள் ஆல்ட்ஜிஆர் விசையோடு சேர்த்துத்தான் தட்ட வேண்டும். விண்டோஸோ ஆல்ட்ஜிஆரைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே பார்க்கிறது. அதனால் கண்ட்ரோல் ஆல்ட்டோடு ஷார்ட்கட் வைக்கிற எந்த மென்பொருளும் ஐரோப்பாவில் யாரோ ஒருவரின் எழுத்தைப் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 1936-இல் காப்புரிமை பெற்ற ட்வோராக் தளவமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஏறத்தாழ எல்லா எழுத்தும் இடம் மாறிவிட்டதால் எக்ஸ், சி, வி சிதறிப்போகும். மாக்கில் அவர்களுக்கென்றே ஒரு தளவமைப்பு இருக்கிறது. தட்டும்போது ட்வோராக், கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்தால் மட்டும் வழக்கமான ஆங்கில வரிசையான குவெர்ட்டி. கை இரண்டு வரைபடங்களோடு வாழ முடியும் என்று ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

தமிழில் இது என்னவாகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தமிழ்99-இல் சி இருக்கும் இடத்தில் ஒ. வி இருக்கும் இடத்தில் வ. எழுத்தோடு கட்டளைக்கு உறவு வேண்டும் என்று தமிழில் யோசித்தால், ஒட்டுவதற்கு ஒ, வெட்டுவதற்கு வ என்று வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால், நகலெடுக்கிற இடத்தில் ஒட்டும், ஒட்டுகிற இடத்தில் வெட்டும். நகலுக்கு உரிய ந வலது கையின் சுண்டுவிரலுக்கு அடியில் கிடக்கிறது. தமிழ் எழுத்தை வைத்து ஷார்ட்கட் அமைப்பது எனக்கு ஒரு காலத்தில் ஆசையாக இருந்தது. தாளில் எழுதிப் பார்த்ததும் அந்த ஆசை தீர்ந்துவிட்டது. லினக்ஸ் மேசைத்தளமான க்னோமின் தமிழ்ப் பட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'கோப்பு' என்ற சொல்லுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் அடிக்கோடிட்ட ஓர் ஆங்கில எஃப் நிற்கும். முதலில் பார்த்தபோது அது அரைகுறை மொழிபெயர்ப்பு என்று கோபப்பட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த எஃப் ஓர் எழுத்தாக அங்கே இல்லை, ஒரு முகவரியாக இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் என்னைவிட முன்னாலேயே இதை யோசித்திருக்கிறார்கள்.

கட்டளைகளை எழுத்தாகத் தட்டி இயக்குகிற டெர்மினலில் இது இன்னும் அடியிலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய முறையான ஆஸ்கியில் கண்ட்ரோல் என்பது பெரிய எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழிப்பது. சி 67, கழித்தால் 3, ஓடும் நிரலை நிறுத்து என்ற குறி. ஐ 73, கழித்தால் 9, அதுதான் டேப். பழைய டெர்மினல்களில் கண்ட்ரோல் ஐயையும் டேப்பையும் பிரித்தறிய முடியாததற்குக் காரணம் இதுவே. யூனிகோடில் ஒ-வின் எண் 2962. அதிலிருந்து 64-ஐக் கழித்தால் கட்டளை எதுவும் கிடைக்காது. ஆகவே தமிழில் இருக்கும்போது கண்ட்ரோல் சி வேலை செய்கிறதென்றால், நடுவில் யாரோ ஒரு நிரலாளர், எழுத்து லத்தீனாக இல்லாவிட்டால் இடத்தைப் பார் என்று எழுதி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த முகம் தெரியாத ஆளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. விஎஸ் கோடிலும் ஆங்கில எழுத்துகளே இல்லாத தளவமைப்புகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. என் கணினியில் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் எஸ் எல்லாம் தமிழிலும் ஒழுங்காக வேலை செய்தது அதனால்தான். ஸ்லாஷ் ஒரு நிறுத்தக்குறி, அது அந்த வலையில் விழவில்லை.

ஈமாக்ஸும் விம்மும் இதைச் சந்தித்த விதம் வேறு. இரண்டிலும் மொழி மாற்றத்தை எடிட்டரே தன் கையில் வைத்துக்கொள்ள முடியும். ஈமாக்ஸில் கண்ட்ரோலோடு பேக்ஸ்லாஷ் அழுத்தினால் அதன் சொந்த உள்ளீட்டு முறை வரும், தமிழுக்கான முறைகளும் அதில் உண்டு. விம்மில் கீமேப் அமைத்துக்கொண்டால் எழுதும் நிலையில் மட்டும் வேறு மொழி. எஸ்கேப் அழுத்திக் கட்டளை நிலைக்கு வந்ததும் ஆங்கிலம் தானாகத் திரும்பும். எழுதும்போது ஒரு வரைபடம், ஏவும்போது இன்னொன்று என்று அந்தப் பழைய எடிட்டர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எழுதுவதும் ஏவுவதும் ஒரே விசையில், ஒரே நேரத்தில் நடக்கிற நம் எடிட்டர்களில்தான் ழ-வும் ஸ்லாஷும் ஒரு நாற்காலிக்குப் போட்டி போடுகின்றன.

எனக்கு இப்போது ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது. ஒரே மொழியில் தட்டுகிறவருக்கு எழுத்து போதும். இரண்டு எழுத்துமுறைகளில் மாறி மாறித் தட்டுகிற நமக்கு ஷார்ட்கட் இடத்தோடுதான் கட்டப்பட வேண்டும். மொழி மாறும்போது எழுத்து மாறலாம், கை போகும் இடம் மாறக் கூடாது. ட்வோராக் நண்பர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் நிலையில் அது சரி.

ஒரு வரி

சரி, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். விஎஸ் கோடில் ஷார்ட்கட் கோப்பில் எழுதும்போது விசையின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது எழுத்தைக் குறிக்காது, இடத்தைக் குறிக்கும். கண்ட்ரோல், கூட்டல் குறி, சதுர அடைப்புக்குறிக்குள் ஸ்லாஷ். கட்டளை, வரியைக் கமென்ட் ஆக்குவது. கர்சர் எடிட்டரின் உரைக்குள் இருக்கும்போது மட்டும் என்று நிபந்தனை. அவ்வளவுதான். கோப்பைச் சேமித்தவுடனே அமலுக்கு வந்தது. உள்தள்ளலுக்கான கண்ட்ரோலும் சதுர அடைப்புக்குறிகளும் தமிழ்99-இல் ச-வும் ஞ-வும் இருக்கும் இடங்கள். அவற்றுக்கும் இதேபோல இரண்டு வரிகள் எழுதினேன். கீபோர்ட் டிஸ்பாட்ச் என்ற அமைப்பைக் கீகோட் என்று மாற்றி எடிட்டரை மூடித் திறப்பது இன்னொரு வழி. லினக்ஸில் விசைகளை இடம் மாற்றி வைத்திருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கைகொடுக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. மூன்று வரிகள் எழுதுகிற இடத்தில் மொத்த ஏற்பாட்டையும் மாற்ற மனம் வரவில்லை.

அந்தக் கோப்பில் குறிப்பு எழுத இடம் உண்டு. முதல் வரிக்கு மேலே "இது ழ இருக்கும் இடம்" என்று எழுதி வைத்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற எனக்கே காரணம் மறந்திருக்கும் என்பதற்காக. அன்று சாயங்காலம் தமிழிலேயே இருந்துகொண்டு மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். மூன்றும் சாம்பல் நிறத்துக்குப் போயின. திரும்ப அழுத்தினேன். நிறம் வந்தது. நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

தம்பி அந்தக் கோப்பை என்னிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டான். செயலியின் அடுத்த பதிப்பில் தமிழ்ச் சரங்களை அவன்தான் பார்க்க வேண்டும். அதுவரை அவனுக்குத் தெரிந்த தமிழ்த் தட்டச்சு கைபேசியில் ஆங்கில எழுத்துகளால் தட்டுவதுதான். தமிழ்99 கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறான். விசைகள்மேல் எழுத்துகளை ஒட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். நேற்று 'வழிகாட்டி' என்ற சொல்லின் நடுவில் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அக்கா, ழ எங்கீங்க இருக்கு?"

"கமென்ட் போடுவியே, அங்க."

விரல் நேராகப் போய் நின்றது.